லைட் நின்னா வேலை நிக்குமா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சாலையில் 16 கிலோமீட்டர் வந்தால் மாகறல். செய்யாற்றங்கரை ஊர். ஞானசம்பந்தர் பாடிய தலம். தொண்டை நாட்டின் 32 பாடல்பெற்ற தலங்களில் ஏழாவது. திருமாகறலீசுவரர் கோயிலின் லிங்கம் உடும்பின் வாலளவுக்கு மெலிந்திருக்கும். பொன்னிற உடும்பொன்றைத் துரத்திவந்த ராஜேந்திர சோழன், அது புகுந்த புற்றைத் தோண்டச் சொன்னபோது வெளிப்பட்டது என்று தலபுராணம். கருவறைக்குப் பின்புறம் போய் நின்று விமானத்தைப் பார்க்க வேண்டும். யானையின் பின்பக்கம் மாதிரி வளைந்திருக்கும்; தூங்கானை மாடம் என்பது இதுதான். மார்கழியில் விடியும் முன்பே ஒலிபெருக்கியில் திருவெம்பாவை தொடங்கிவிடும், அதன்பின் ஊரில் எவரும் தூங்க முடியாது. 2025 மார்கழியில் நானும் அங்கே விழித்துக் கிடந்தேன். அண்ணன் வீட்டுக்கு வந்த காரியம் சாமி தரிசனம் இல்லை. அண்ணன் மகனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று சேர்க்க வேண்டும், அதற்குச் சாமான் வாங்க சென்னைக்குப் போக வேண்டும்.

அண்ணன் பட்டு நெய்பவர். வீட்டுக்குள்ளேயே தறிக்குழி, காஞ்சிபுரத்து முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார், இவர் கூலிக்கு நெய்து தருவார். கம்ப்யூட்டர் அவருக்குப் புதிதில்லை. காஞ்சிபுரத்தில் புட்டாவும் பார்டரும் இப்போது கம்ப்யூட்டரில்தான் கட்டம் கட்டமாக வரையப்படுகின்றன. அந்த வரைவைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை விழுகிறது. மகன் அந்த டிசைன் வேலையையும் கற்றுக்கொள்வான் என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கியிருந்தான். அதில் பாதி உண்மை.

மறுபாதி 2020-இல் தொடங்கியது. அந்த மே மாதம், ஊரடங்கின் நடுவில், எபிக் கேம்ஸ் நிறுவனம் ஜிடிஏ 5 விளையாட்டை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. பள்ளிக்கூடப் பையனாக இருந்தவன் அப்போதே கணக்குத் தொடங்கி அதைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டான். வீட்டில் இருந்தது அக்காவுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் வந்தது, ஆனால் தனி கிராபிக்ஸ் இல்லாத அந்தப் பெட்டியில் ஜிடிஏ 5 ஊர்ந்தது. ஆக, சொந்தமாக வைத்திருக்கும் விளையாட்டை விளையாட ஒரு மெஷினுக்காக அவன் ஐந்து வருடத்துக்கு மேல் காத்திருக்கிறான். இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். கூட்டாளிகள் எல்லாம் வேலரண்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடுகிறார்கள். இவன் ஃபோனில் அவர்கள் ஆடுவதைப் பார்க்கிறான்.

அண்ணிக்கு 'கேம்' என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு அழிந்த குடும்பங்களின் செய்தி தமிழ்நாட்டில் யார் காதிலும் விழாமல் இருந்திருக்காது. காசு கட்டி ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது, இ-ஸ்போர்ட்ஸ் வேறு வகை என்று அதே சட்டம் பிரித்துச் சொல்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் சரிப்பா, அவன் காசு கட்டாம இருந்தா போதும்" என்றார். சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாய் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. மானிட்டரையும் சேர்த்து அதற்குள் முடிய வேண்டும்.

பட்டியலை ஆடி மாதமே எழுதிவைத்திருந்தான். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, எட்டு ஜிபியில் இரண்டு ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. பட்டியல் நன்றாகவே இருந்தது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. அதற்குள் பொருந்தும் ப்ராசஸர்கள் அதற்குப் பல வருடம் கழித்தும் வந்துகொண்டே இருந்தன. 2022-இல் வெளியான 5600-க்கு ஆறு கோர், 65 வாட், 32 எம்பி கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் நினைவகம். புதிய ஏஎம்5 பக்கம் போனால் டிடிஆர்5 ராம் போட்டே ஆக வேண்டும். பழைய பக்கத்தில் டிடிஆர்4 போதும், அது மலிவு என்பதுதான் ஆடி மாதத்துக் கணக்கு. மார்கழியில் அந்தக் கணக்கு உடைந்துவிட்டிருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

காலையில் மாகறலில் பஸ் ஏறி காஞ்சிபுரம், அங்கிருந்து பூந்தமல்லி வழி கோயம்பேடு பஸ். சென்னைக்கு ரயிலும் உண்டு, செங்கல்பட்டு சுற்றிப் போகும். அண்ணனுக்கு ரயில் நேரத்துக்குக் காத்திருக்கும் பொறுமை கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வழி இது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை. 2024 செப்டம்பரில் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த இடம். ஐஃபோன் சேர்க்கும் ஃபாக்ஸ்கான் இந்தப் பக்கம்தான். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கி 2014-இல் மூடிய நோக்கியா, 2007-இல் வந்த டெல். எச்பி மடிக்கணினிகளும் இந்த வட்டாரத்தில்தான் சேர்க்கப்படுகின்றன. அதிகாலையில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும்.

"இவ்ளோ கம்பெனி இங்கயே இருக்கு. நாம எதுக்கு மெட்ராஸ் போறோம்?" என்றார் அண்ணன்.

பையன் சொன்னான்: "இங்க சேக்கறதுதான்பா. சிப்பெல்லாம் வெளிநாட்டுலேருந்து வருது. அந்த சாம்சங்ல ஃப்ரிட்ஜும் டிவியும் பண்றாங்க. ராம் கொரியாவுல."

அண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. அவர்கள் நெய்யும் பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகையில் பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. சேர்க்கிற ஊரின் பெயர்தான் சேலைக்கு.

கோயம்பேட்டில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால் அண்ணா சாலை. அங்கிருந்து நடந்தே போய்விடலாம் ரிச்சி தெருவுக்கு. பெயர் ஒரு தெருவுடையது, ஆனால் நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்ததுதான் மக்கள் சொல்லும் ரிச்சி தெரு. மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் தெரு. படச்சுருள் பெட்டிகள் இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயின. பக்கத்திலேயே கேசினோ தியேட்டர். எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் டெல்லி நேரு பிளேசுக்கு அடுத்தது இதுதான் என்பார்கள். ரேடியோ உதிரிபாகத்தில் தொடங்கி, டிவி, விசிஆர், கம்ப்யூட்டர், செல்ஃபோன், சிசிடிவி என்று சரக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தெருவின் அகலம் மட்டும் மாறவில்லை. டிரைசைக்கிளில் மானிட்டர் அட்டைப்பெட்டி, அதன்மேல் ஒரு பையன், அவன் காலடியில் ஒரு பைக், பைக்குக்கும் சுவருக்கும் நடுவில் நாம்.

உள்ளே நுழைந்ததுமே, "சார், லேப்டாப்பா? சர்வீஸா? கேமிங் பிசியா?" பையனின் முகத்தைப் பார்த்தே மூன்றாவது கேள்வியைச் சேர்த்துக்கொண்டார்கள். மாடியில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார் ஒருவர். அங்கே 'ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ்' என்று எழுதி 22,000 ரூபாய் விலை ஒட்டியிருந்தது. உள்ளே விசிறிகள் நீலமும் ஊதாவுமாகச் சுழன்றன. அண்ணன் என்னைப் பார்த்தார்: கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதானே இது?

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் முதல் கேமிங் கம்ப்யூட்டர் என்று வாங்குகிறவர்களில் பலபேர் வீட்டுக்குப் போவது இதுதான். ஐ7 என்பது வம்சப் பெயர். எந்தத் தலைமுறை என்பது அதன் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. அங்கே இருந்தது 3770, 2012-இல் வந்தது. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730. அதில் 4 ஜிபி நினைவகம் இருக்கலாம், அந்த நினைவகத்தை நிரப்பி வேலை வாங்கும் சக்தி சிப்புக்குக் கிடையாது. படம் பார்க்கவும் இரண்டாவது மானிட்டர் இணைக்கவும் பிறந்த கார்டு அது. பொய் ஒன்றும் எழுதவில்லை, எழுதியது எல்லாமே உண்மை, ஆனாலும் வாங்கினால் ஏமாந்தோம். 2022-இல் வந்த ஐ3-12100எஃப் என்ற நாலு கோர் ப்ராசஸர் அந்த ஐ7-ஐ வெகு சுலபமாக முந்தும். மகன் இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லி வாதாடவில்லை. "வேலரண்ட்டுக்கு டிபிஎம் வேணும்ணா" என்று மட்டும் சொன்னான். விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டின் காவல் மென்பொருள் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இருந்தால்தான் உள்ளே விடும். 2012-ஆம் வருட போர்டில் அதற்கு வழியில்லை. கடைக்காரருக்கும் அது தெரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே, "தம்பி விவரம். புதுசு வேணும்னா கீழ போங்க" என்று ஒரு கடையைக் காட்டிவிட்டார்.

கீழே இருந்த கடை ஆழமானது. கண்ணாடி கவுன்டருக்குப் பின்னால் ஏணி வைத்து எடுக்கும் உயரத்துக்குப் பெட்டிகள். பட்டியலைக் கொடுத்தோம். கால்குலேட்டரில் தட்டிக்கொண்டே வந்தவர் ராமுக்கு வந்ததும் நிறுத்தி, "தம்பி, இந்த விலை எப்ப எழுதினது?" என்றார். ஆடியில் 3,500 ரூபாய் போட்டிருந்த 16 ஜிபி ஜோடிக்கு இப்போது அவர் கேட்டது 10,000-ஐ ஒட்டி.

உலகத்தில் ராம் சிப் செய்யும் பெரிய கம்பெனிகள் மூன்று: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் அவர்கள் உற்பத்தியை மொத்தமாக இழுத்துக்கொள்கின்றன. அந்தச் சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. பழைய டிடிஆர்4-ஐச் செய்வதையே குறைத்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் போவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், டிசம்பர் 3 அன்று, மைக்ரான் தன் க்ரூஷியல் பெயரில் கடைகளுக்கு ராம் விற்பதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்திருந்தது. பையன் ஃபோனில் படித்துக் காட்டிய செய்தி அது. அப்போது அது அமெரிக்கச் செய்தியாகத்தான் இருந்தது. ரிச்சி தெரு கவுன்டரில் அது 6,500 ரூபாய் வித்தியாசமாக வந்து நின்றது.

அந்த வித்தியாசத்தை எங்கே வெட்டுவது என்பதுதான் அன்றைய நாளின் வேலை. கடைக்காரர் ஒரு வழி சொன்னார்: 5600-க்குப் பதில் 5600ஜி எடுங்கள், அதிலேயே கிராபிக்ஸ் உண்டு, கார்டை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். கேட்க நியாயமாகவே இருந்தது. ஆனால் 5600ஜி-யில் கேஷ் பாதிதான், 16 எம்பி. நாளைக்குக் கார்டு போட்டாலும் அந்தக் குறை ப்ராசஸரிலேயே தங்கிவிடும். உள்கிராபிக்ஸ் ராமையே பங்குபோட்டுக்கொள்ளும், அதாவது விலை ஏறிய பொருள் இன்னும் அதிகமாகத் தேவைப்படும். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழி, ஒரே ஒரு எட்டு ஜிபி குச்சியை மட்டும் வாங்குவது. இரண்டு குச்சி இருந்தால் ப்ராசஸர் இரண்டு வாய்க்கால் வழியே தண்ணீர் எடுக்கும். ஒன்று மட்டும் இருந்தால் வேகம் விழும், விளையாட்டில் அது கண்ணுக்கே தெரியும். அதையும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கிராபிக்ஸ் கார்டைக் குறைக்கலாமா? கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 3050 எடுத்துவைத்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 6 ஜிபி. 3050 என்ற பெயரிலேயே இரண்டு கார்டு உண்டு: 2022-இல் வந்த 8 ஜிபி ஒன்று, 2024-இல் வந்த 6 ஜிபி ஒன்று. பின்னதில் கோர்களும் குறைவு, நினைவகப் பாதையும் குறுகல். தனி மின்கம்பி வேண்டாம், 70 வாட்டில் ஓடும் என்பது அதன் நல்ல குணம். பழைய ஆபீஸ் பெட்டிக்குள் போட அதைவிட நல்லது கிடைக்காது. எங்களுக்கு அது தேவையில்லை.

பழைய கார்டும் பார்த்தோம். பக்கத்துச் சந்தில் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி வைத்திருந்தார். கிரிப்டோ சுரங்கத்தில் ஓடிய கார்டுகளில் ஒன்று. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது இந்த வகைக் கார்டுகளுக்கு வேலை போய், உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. சுரங்கத்தில் ஓடியது என்பதாலேயே கெட்டது ஆகிவிடாது. விசிறியும் வெப்பப் பட்டைகளும்தான் முதலில் தேயும், அவற்றை மாற்றலாம். விலையும் புது 6600-ஐ ஒட்டியே இருந்தது, சக்தியும் அதிகம். நானாக இருந்தால் எடுத்திருப்பேன் என்றுகூட நினைத்தேன்.

அண்ணன் கேட்டார்: "பில்லு?"

"பழசுக்கு பில் எப்படிண்ணா தர்றது? டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரம்."

"ஒரு வாரத்துக்கு மேல என்ன ஆனாலும் எங்களுது. அப்படித்தானே?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. காஞ்சிபுரத்தில் ஜரிகை வாங்கிப் பழகியவர் அவர். பட்டு இழைமேல் வெள்ளி சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசினதுதான் நல்ல ஜரிகை. வெள்ளிக்குப் பதில் செம்பு இருந்தாலும் கடை வெளிச்சத்தில் ஒரே மாதிரிதான் மின்னும். தேய்த்துப் பார்ப்பார்கள், இப்போது ஊரில் அதற்கு மெஷினும் இருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத பொருளுக்குக் காகிதம் வேண்டும் என்பது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது. கிராபிக்ஸ் கார்டு அந்த வகைதான் என்று அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஆர்எக்ஸ் 6600 புதுசாகவே எடுத்தோம், 20,500 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதமும் அதற்குள், சீரியல் எண் எழுதின பில்லோடு. 'பில் வேணாம்னா கொஞ்சம் கொறச்சிக்கலாம்' என்ற பேச்சு அந்தத் தெருவில் எங்கும் உண்டு. அதற்குச் சம்மதித்தால், இரண்டாவது வருடத்தில் கார்டு படுத்துவிடும்போது நம்மிடம் இருப்பது வெறும் அட்டைப்பெட்டி.

ஆனால் ராமைப் பழசாக வாங்கச் சொன்னதும் அண்ணன்தான். "அது கெட்டா உடனே தெரியுமா, மெதுவா தெரியுமா?" என்று கேட்டார். பெரும்பாலும் சோதனையில் அன்றைக்கே தெரிந்துவிடும், அதில் ஓடித் தேயும் பாகம் இல்லை என்று மகன் சொன்னான். "அப்ப அதுல பழசு எடு. கெட்டா கூட நாளைக்கு மாத்திக்கலாம்ல? எதைக் கழட்ட முடியாதோ, எது போனா மத்ததையும் கூட்டிட்டுப் போவுமோ, அதுக்கு மட்டும் காசக் குடு." மகன் மாதக்கணக்கில் வீடியோ பார்த்துச் சேர்த்த ஞானத்தை இவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் எட்டிவிட்டார் என்று எனக்குப் பட்டது. மகனுக்கும் பட்டிருக்கும், ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ராமுக்கு அந்தச் சமயம் பஞ்சமில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத ஆறாம், ஏழாம் தலைமுறை ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன என்றார் பழைய சாமான் கடைக்காரர். அவற்றைப் பிரித்தால் உள்ளே டிடிஆர்4. பிளாஸ்டிக் டப்பாவில் முறுக்குபோலக் கொட்டிக் கிடந்தன. மகன் ஒவ்வொன்றின் ஸ்டிக்கரையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். பெரும்பாலும் 2400, கொஞ்சம் 2666. ரைசனுக்கு 3200 இருந்தால்தான் நல்லது. 'பிசி4-3200' என்று ஒரே கம்பெனியின் இரண்டு குச்சி கிடைக்க வெகுநேரம் ஆனது. 5,000 ரூபாய். கடையிலேயே ஒரு போர்டில் செருகி மெம்டெஸ்ட் ஓடவிட்டு, பிழை எதுவும் இல்லை என்று பார்த்தபின்தான் காசு கொடுத்தோம். அந்த நேரத்தில் நான் இரண்டு சமோசா தின்றேன்.

எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம், வாங்கியது தனிக்கதை. கேபினெட்டோடு சேர்ந்தே எஸ்எம்பிஎஸ் வரும், 2,500 ரூபாய், '450 வாட்' என்று பெரிய எழுத்து. தமிழ்நாட்டில் அசெம்பிள் கம்ப்யூட்டர்கள் செத்ததற்குப் பாதிக் காரணம் இந்த இலவச எஸ்எம்பிஎஸ்தான் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். ஸ்டிக்கரில் பெரிய எழுத்தைப் படிக்கக் கூடாது. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று தேட வேண்டும். அந்தப் பெட்டியில் 16 ஆம்பியர். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். ஆர்எக்ஸ் 6600 தனியாக 132 வாட் கேட்கும், ப்ராசஸர் முழுவேகத்தில் 76. இரண்டும் சேர்ந்தாலே 208. மகன் ஃபோனில் பெருக்கிக் காட்டியபோது கடைப்பையன், "எல்லாரும் இதுதாண்ணா எடுக்கறாங்க" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். நாங்கள் 80 பிளஸ் ப்ரான்ஸ் சான்று பெற்ற 550 வாட் ஒன்றைத் தனியாக எடுத்தோம், 3,800 ரூபாய். அண்ணன் இரண்டையும் இரு கையில் தூக்கிப் பார்த்தார். எடை வித்தியாசமே பதில் சொல்லிவிட்டது.

கேபினெட்டில்தான் அப்பனுக்கும் மகனுக்கும் நேரடி மோதல். மகனுக்கு முன்பக்கம் கண்ணாடி, மூன்று ஆர்ஜிபி விசிறி. கடைக்காரர் ரிமோட்டை அழுத்த, விளக்குகள் மாறி மாறி ஓடின. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இந்த லைட் நின்னா வேலை நிக்குமா?"

"நிக்காதுங்க. இது அழகுக்கு."

"கண்ணாடி மூடியிருக்கே, காத்து எந்தப் பக்கம் போவுது?"

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. இது சரியான கேள்வி. விலை குறைந்த கண்ணாடி முகப்புப் பெட்டிகளில் காற்று பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் திணறிக்கொண்டு உள்ளே போகும். தறி ஓடும் வீட்டில் பட்டுத்தூசி வேறு. முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டியும் உள்ள கறுப்புப் பெட்டி 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது. மகனின் முகம் அன்று சாயங்காலம்வரை சரியாகவில்லை.

மானிட்டரைப் பழசாகவே எடுத்தோம், 24 அங்குலம், 75 ஹெர்ட்ஸ், 4,500 ரூபாய். 144 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று வேலரண்ட் ஆடுகிற எந்தப் பையனும் சொல்வான், அவன் சொல்வதில் தப்பில்லை. மெஷின் 200 படம் உருவாக்கினாலும் இந்தத் திரை நொடிக்கு 75-ஐத்தான் காட்டும். ஆனால் மானிட்டரை மாற்ற ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம். ப்ராசஸரும் போர்டும் 19,000, எஸ்எஸ்டி 4,000. கூட்டினால் 59,000. மிச்சம் ஆயிரத்தில் சாப்பாடும் ஆட்டோவும். திரும்பும்போது மெட்ரோவுக்கு நடக்க யாருக்கும் தெம்பில்லை. கோயம்பேடுவரை ஆட்டோவில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தோம். பஸ்ஸில் கண்டக்டர் மானிட்டருக்கு லக்கேஜ் போடப் பார்த்தார். மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி, காஞ்சிபுரம்வரை அண்ணன் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் திண்ணையில் மரப்பலகை போட்டு மகனே எல்லாவற்றையும் சேர்த்தான். கையில் நிலைமின்சாரம் இருந்தால் சிப்புக்கு ஆகாது. பட்டு இழையோடு புழங்கும் வீட்டில் அது கூடுதல் கவலை. அதனால் இரும்புச் சட்டத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டே வேலை செய்தான். முதல் முறையே திரை வந்தது. அண்ணி கற்பூரம் காட்டினார். கேபினெட்டைத் தொட்ட அண்ணன், "டேய், சுருக்குங்குது" என்று கையை எடுத்தார்.

இது எஸ்எம்பிஎஸ்ஸின் கோளாறு இல்லை. ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸிலும் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை கசியவிடும் சொற்ப மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அது பெட்டியின் இரும்பிலேயே நிற்கும், மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட்வரை. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, கை கூசும். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அண்ணன் வீட்டிலும் அப்படித்தான். எந்தக் கேமிங் பட்டியலிலும் எர்த் குழி என்று ஒரு வரி நான் பார்த்ததில்லை. ஊர் எலெக்ட்ரீஷியன் கொல்லைப்புறத்தில் குழி எடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, கம்பி இழுத்துக் கொடுத்தார். பட்ஜெட்டுக்கு வெளியே போன முதல் செலவு அதுதான். அண்ணன் முணுமுணுக்காமல் கொடுத்த ஒரே செலவும் அதுதான். தறிக்கு மேலே தொங்கும் விளக்குக்கும் அதே கம்பியிலிருந்து எர்த் எடுக்கச் சொன்னார்.

அடுத்தது ஜிடிஏ 5. நூறு ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும். வீட்டில் இருப்பது ஃபோன் ஹாட்ஸ்பாட், நாளுக்கு 2 ஜிபி. தினமும் முழுவதையும் அதற்கே கொடுத்தாலும் ஏறக்குறைய இரண்டு மாதம். மகன் ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு காஞ்சிபுரத்தில் நண்பன் வீட்டுக்குப் போனான்; அங்கே ஃபைபர் இருக்கிறது. இரவு தங்கி, நண்பன் கணினியில் விளையாட்டை இறக்கி, அப்படியே நகலெடுத்து, காலை பஸ்ஸில் மாகறலுக்குக் கொண்டுவந்து, தன் கணக்கில் இணைத்துவிட்டான். வேலரண்ட்டுக்கு அந்த வழி செல்லாது. மும்பையில் இருக்கும் சர்வருக்கு நொடிக்கு நொடி பதில் போய் வர வேண்டும், ஹாட்ஸ்பாட்டில் அது ஏறி இறங்குகிறது. மெயின் ரோட்டிலிருந்து ஒயர் இழுக்க கேபிள்காரர் ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த சீட்டுவரை பொறுக்க வேண்டும்.

ஐந்து வருடம் கழித்து அந்த விளையாட்டு ஓடியபோது வீடே பின்னால் நின்று பார்த்தது. திரையில் ஒருவன் நடுரோட்டில் காரை நிறுத்தி, ஓட்டுநரை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, தான் ஏறி ஓட்டிக்கொண்டு போனான். கொஞ்ச தூரத்தில் அதை எங்கோ மோதிவிட்டு இன்னொரு காரைப் பிடித்தான். அண்ணன் மூன்று கார்வரை பொறுமையாகப் பார்த்தார்.

"இவன் ஒரு வண்டியாவது பில்லு போட்டு வாங்குவானா மாட்டானா?" என்று கேட்டுவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கினார்.